மடைக்குக் கீழே கை வைக்காதீர்கள்! சோலார் பேட்டரியை அடிவரை வடியாமல் காக்கும் வழிகள்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் எளிதில் மறக்காது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. குளங்கள் உடைந்தன. வாழையும் பிசான நெல்லும் வெள்ளத்தில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லாததால், உறவினர்களுக்கு ஒரு தகவல் சொல்லக்கூட வழியில்லாமல் போனது.

இப்படிப்பட்ட நாள்களுக்கும் சேர்த்துத்தான் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சோலார் பேனலும் பேட்டரியும் வைக்கிறார்கள் விவசாயிகள். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, செல்போன் சார்ஜர், பன்றி வராமல் தடுக்கும் சோலார் வேலி ஆகியவற்றுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். ஆனால், "ரெண்டு வருசங்கூட ஓடலியே அண்ணாச்சி" என்ற புலம்பலைப் பேட்டரிக் கடைகளில் அடிக்கடி கேட்க முடிகிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பேட்டரி, அவசியமான மழை நாளில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் கையை விரித்துவிடுகிறது.

இதற்குப் பேட்டரியின் தரம் மட்டுமே காரணம் அல்ல. பெரும்பாலும் அந்தப் பேட்டரி, திரும்பத் திரும்ப அடிவரை வடிக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் கவனமும் சில நூறு ரூபாய்ச் செலவும் இருந்தால் இதைத் தடுத்துவிடலாம்.

குளத்து மடை சொல்லும் பாடம்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. இந்தப் பாசனப் பகுதியின் குளங்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். குளத்தின் மடையை அடிமட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள். தரையிலிருந்து சற்று உயரத்தில்தான் இருக்கும். தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் பாய்ச்சல் தானாகவே நின்றுவிடும். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கானது அல்ல. அது குளத்துக்கானது. மீனும் ஆடு மாடும் பிழைப்பதும், சுற்றுக் கிணறுகளில் ஊற்று நிற்பதும் அதனால்தான்.

பேட்டரியிலும் அப்படி ஒரு மடை மட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மின்சாரம் பேட்டரியின் உயிரைக் காப்பதற்கானது. அதையும் எடுத்துப் பயன்படுத்தினால் அன்றைய இரவு கழியும். பேட்டரியின் ஆயுள் குறையும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரத்தை எடுக்க எடுக்க, அமிலத்தில் உள்ள சல்பேட் தகடுகளில் படிந்து ஈய சல்பேட்டாக மாறுகிறது. அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்தப் படிவு கரைந்து மீண்டும் அமிலமாகிறது. இது இயல்பாக நடப்பதுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பேட்டரியை முழுவதும் வடித்து, அப்படியே சில நாள்கள் போட்டு வைக்கும்போது. புதிதாகப் படிந்த சல்பேட் மென்மையாக இருக்கும், எளிதில் கரையும். நாள்கள் போகப்போக அது பெரிய படிகங்களாக இறுகிவிடும். சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிவதை இதற்கு ஒப்பிடலாம். உடனே அலசினால் போய்விடும். இறுகிவிட்டால் துளையே அடைத்துக்கொள்ளும். தகட்டில் இறுகிய சல்பேட் அந்த இடத்தை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. 100 ஏ.ஹெச். பேட்டரி மெல்ல மெல்ல 60, 40 ஏ.ஹெச். பேட்டரியாகச் சுருங்குவது இப்படித்தான்.

டியூபுலர் வகை சோலார் பேட்டரிகளின் விவரத்தாள்களைப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். தினமும் 80 சதவிகிதம் வடித்தால் சுமார் 1,500 முறையும், 50 சதவிகிதத்தோடு நிறுத்தினால் சுமார் 3,000 முறையும் சார்ஜ் ஏற்றி இறக்கலாம் எனப் பல நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. அதாவது நான்கு ஆண்டுகள், எட்டு ஆண்டுகள் என்ற வித்தியாசம். வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகையில் இந்த ஆயுள் இன்னும் குறையும் என்றாலும், பாதியோடு நிறுத்துபவருக்கே எப்போதும் லாபம்.

மட்டத்தை அளப்பது எப்படி?

குளத்துக்கு அளவுகோல் போல, பேட்டரிக்கு மல்டிமீட்டர். எலெக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாயில் கிடைக்கும். சார்ஜும் ஏறாமல், லோடும் இல்லாமல் பேட்டரியைக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓய்வாக விட்டு அளக்க வேண்டும். விடியற்காலை, பேனல் வேலை செய்யத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் அணைத்து வைத்து அளப்பது வசதி. 12 வோல்ட் திரவ அமில பேட்டரிக்கான அளவுகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

12.5 முதல் 12.7 வோல்ட் வரை: முழு சார்ஜ்
12.3 முதல் 12.4 வோல்ட் வரை: முக்கால் பங்கு
12.1 முதல் 12.2 வோல்ட் வரை: பாதி (தினசரி உபயோகத்தின் எல்லை இதுதான்)
11.9 முதல் 12.0 வோல்ட் வரை: கால் பங்கு (உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும்)
11.8 வோல்ட்டும் அதற்குக் கீழும்: காலி

24 வோல்ட் அமைப்பாக இருந்தால் இந்த எண்களை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். இன்னும் துல்லியமாகத் தெரிய, ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கலாம். முழு சார்ஜில் 1240 காட்டும் பேட்டரி, 1180 காட்டினால் பாதி காலி என்று பொருள். ஒரே ஓர் அறை மட்டும் மற்ற ஐந்தைவிட மிகக் குறைவாகக் காட்டினால், அந்த அறை பழுதாகத் தொடங்கிவிட்டது.

12.7-க்கும் 11.8-க்கும் இடையே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்து பேட்டரியின் நிலையைக் கணிக்க முடியாது. விளக்கு மங்குவது கண்ணுக்குத் தெரியும்போது பேட்டரி எல்லை தாண்டிப் போயிருக்கும்.

காவலாளி எங்கே இருக்கிறார்?

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சிறிய பெட்டிதான் சார்ஜ் கன்ட்ரோலர். அதில் பொதுவாக மூன்று ஜோடி இணைப்புகள் இருக்கும்: பேனல், பேட்டரி, லோடு. பேட்டரியின் வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும், லோடு இணைப்பைக் கன்ட்ரோலர் தானாகத் துண்டித்துவிடும். இந்த வசதிக்கு எல்.வி.டி. என்று பெயர். குளத்துக்கு மடை எப்படியோ, பேட்டரிக்கு இது அப்படி.

பல கொட்டகைகளில் இந்தக் காவலாளி இருந்தும் பயன் இல்லாமல் போகிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், விளக்கு, மின்விசிறி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் லோடு இணைப்பில் கொடுக்காமல், நேரடியாகப் பேட்டரி டெர்மினலில் மாட்டிவிடுவது. அப்போது அவை எவ்வளவு எடுக்கின்றன என்பதே கன்ட்ரோலருக்குத் தெரியாது. "இன்வெர்ட்டரில் கட்-ஆஃப் இருக்கிறதே" என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது, ஆனால், அது பெரும்பாலும் 10.5 வோல்ட்டில்தான் வேலை செய்யும். அதிக கரன்ட் இழுக்கும்போது வோல்ட் தற்காலிகமாகச் சரியும் என்பதற்காக அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள். ஒரு விளக்கும் செல்போன் சார்ஜரும் மட்டும் ஓடும்போது 10.5 வோல்ட் வருகிறது என்றால், பேட்டரி துளி மிச்சமின்றி வற்றிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம், கன்ட்ரோலரில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும் அளவு. பல கன்ட்ரோலர்கள் 10.7 அல்லது 11.1 வோல்ட்டில் துண்டிக்கும்படி வருகின்றன. இதுவும் மிகத் தாழ்வு. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் பட்டனை அழுத்தி இந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

எந்த அளவில் துண்டிக்க வேண்டும்?

விளக்கு, வேலி போன்ற சிறிய லோடுகள் ஓடும் 100 ஏ.ஹெச். பேட்டரிக்கு, துண்டிக்கும் அளவை 11.8 வோல்ட்டுக்குக் குறையாமல் வைக்கலாம். அந்த நிலையில் சுமார் கால் பங்கு சார்ஜ் மிச்சம் இருக்கும். இது அவசரத்துக்கான எல்லை. தினமும் இதுவரை போகக் கூடாது.

மீண்டும் இணையும் அளவை 13 வோல்ட்டில் வைப்பது நல்லது. காரணம், லோடைத் துண்டித்தவுடன் பேட்டரியின் வோல்ட் தானாகச் சற்று ஏறும். இணையும் அளவும் தாழ்வாக இருந்தால் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும். பேட்டரி இன்னும் வடியும். 13 வோல்ட் என்றால் மறுநாள் வெயில் வந்து சார்ஜ் ஏறத் தொடங்கிய பிறகே லோடு இணையும்.

இன்னும் ஒரு படி மேலே போய், லோடுகளை இரண்டு வரிசையாகப் பிரிப்பது மிகவும் பலன் தரும். வேலி, ஒரு சிறிய விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகிய மூன்றும் முக்கிய வரிசை. இவை கன்ட்ரோலரின் லோடு இணைப்பில் நேராக இருக்கட்டும். மின்விசிறி, பெரிய விளக்குகள் இரண்டாம் வரிசை. இவற்றுக்கு முன்னால், குறைந்த வோல்ட்டில் துண்டிக்கும் ரிலே மாட்யூல் ஒன்றைப் பொருத்தி, 12.1 வோல்ட்டில் துண்டிக்கும்படி வைக்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்விசிறி நின்றதும், "பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது" என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும். மீதி உள்ளது வேலிக்கும் போனுக்கும். எந்த இணைப்பாக இருந்தாலும், பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலுக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு கொட்டகையின் கணக்கு

ஸ்ரீவைகுண்டம் பகுதியில் ஒரு வாழைத்தோட்டக் கொட்டகைக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 5 மணி நேரம்: 90 வாட்-மணி. இரவு முழுவதும் எரியும் 5 வாட் விளக்கு, 12 மணி நேரம்: 60. வேலிக் கருவி 5 வாட், 24 மணி நேரம்: 120. இரண்டு செல்போன்கள்: 30. டி.சி. மின்விசிறி 25 வாட், 8 மணி நேரம்: 200. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 500 வாட்-மணி.

12 வோல்ட், 100 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. பாதிதான் தினசரிக் கணக்கு என்பதால் 600. பேனல் 150 வாட் என்றால், 5 மணி நேர நல்ல வெயிலில், இழப்புகள் போக சுமார் 525 வாட்-மணி கிடைக்கும். கார் பருவத்தில் இந்தக் கணக்கு சரியாக இருக்கும்.

பிசான பருவத்தில்தான் சோதனை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு, மூன்று நாள்கள் தொடர்ந்து வானம் மூடியிருப்பது சாதாரணம். அப்போது பேனலிலிருந்து வருவது சொற்பம். எல்லாவற்றையும் வழக்கம்போல் ஓட்டினால், 600 வாட்-மணி ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். மின்விசிறியை நிறுத்தினால் தேவை 300 ஆகக் குறையும். இரண்டு நாள்கள் தாங்கும். பெரிய விளக்குகளையும் அணைத்தால் தேவை 210 மட்டுமே. ஏறத்தாழ மூன்று நாள்கள் வரும். பேட்டரியும் பேனலும் மாறவில்லை. லோடைப் பிரித்ததால் மட்டுமே இவ்வளவு வித்தியாசம். வேலி ஓர் இரவு செத்தாலே பன்றிக்கூட்டம் இளங்கன்றுகளைக் கிளறிப் போட்டுவிடும் என்பதை வாழை விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்வெர்ட்டரைச் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிறிய இன்வெர்ட்டர்கூட எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போதே 10 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 240 வாட்-மணி! கொட்டகையின் மொத்தத் தேவையில் கிட்டத்தட்ட பாதி. எனவே, முடிந்தவரை 12 வோல்ட் டி.சி. விளக்கு, மின்விசிறிகளையே வாங்கி, இன்வெர்ட்டரைத் தேவையான நேரத்தில் மட்டும் போடுவது நல்லது. இன்வெர்ட்டரைக் கன்ட்ரோலரின் லோடு இணைப்பில் மாட்டுவதும் தவறு. 300 வாட் இன்வெர்ட்டர் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10, 20 ஆம்பியர் கன்ட்ரோலர் கருகிவிடும்.

வடிந்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் பேட்டரி முழுவதும் வடிந்துவிடும். அப்போது முதல் வேலை, எல்லா லோடுகளையும் கழற்றுவது. இரண்டாவது, அன்றைக்கே அல்லது மறுநாளே சார்ஜ் ஏற்றுவது. வானம் மூடியிருந்தால் வெயிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் சார்ஜரில் போட வேண்டும். 100 ஏ.ஹெச். பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம். 5 ஆம்பியரில் மெதுவாக நீண்ட நேரம் ஏற்றினால் புதிய படிவு நன்றாகக் கரையும். பாதி ஏறியதும் எடுத்துவிடாமல், ஹைட்ரோமீட்டர் முழு அளவு காட்டும்வரை விட வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வைப்பதும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி பற்றவைக்காமல் இருப்பதும் அவசியம்.

மாதம் ஒருமுறை மற்ற கவனிப்புகளும் தேவை. திரவ மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் கூடாது. அவற்றில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தையும் ஊற்றக் கூடாது. தூத்துக்குடிக் கரையோர ஊர்களில் உப்புக்காற்றால் டெர்மினல்களில் பூப்பூத்து வோல்ட் இழப்பு ஏற்படும். துடைத்து, இறுக்கி, வாஸ்லின் தடவி வைக்கலாம். பேட்டரியை வெயில் படாத இடத்தில் வைப்பதும் முக்கியம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

டிராக்டரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை சோலாருக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. டிராக்டர் பேட்டரி, சில விநாடிகள் அதிக கரன்ட் கொடுத்து இன்ஜினைக் கிளப்புவதற்கானது. அதன் தகடுகள் மெல்லியவை. பல முறை ஆழமாக வடித்தால் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். சோலாருக்கு டியூபுலர் வகையில், சி10 என்று குறிப்பிட்ட பேட்டரியை வாங்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகள் பெரும்பாலும் சி20 கணக்கில் வரும். ஒரே எண் எழுதியிருந்தாலும் சி10 பேட்டரியில் கொள்ளளவு சற்று அதிகம்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்து இணைக்கலாமா?

வேண்டாம். பழையது புதியதையும் சேர்த்து வடித்துவிடும். இரண்டு பேட்டரி தேவை என்றால் ஒரே வகையில், ஒரே நேரத்தில் வாங்குவது நல்லது.

லித்தியம் பேட்டரிக்கும் இதே அளவுகள்தானா?

இல்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவிகிதம் வரை எடுக்கலாம். உள்ளேயே பாதுகாப்புச் சுற்று இருக்கும். ஆனால், அது கடைசிக் காவல்; தினமும் அதை நம்பி ஓட்டக் கூடாது. கடைசிவரை வோல்ட் பெரிதாக இறங்காது என்பதால், மேலே உள்ள அளவுகள் இதற்குப் பொருந்தாது. கன்ட்ரோலரிலும் லித்தியத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைப் பயன்படுத்தலாமா?

உடனே இணைக்கக் கூடாது. மூடித் துளைகள் வழியாகச் சேற்றுநீர் உள்ளே போயிருக்கலாம். பேட்டரிக் கடையில் அமிலத்தைச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இனி வைக்கும்போது, 2023 வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறைக்கு மேலே ஒரு மேடை கட்டி வைப்பது பாதுகாப்பு.

சோலார் பம்ப்செட்டுக்கும் பேட்டரி வேண்டுமா?

தேவையில்லை. வேளாண் பொறியியல் துறை மூலம் பி.எம்.குசும் திட்டத்தில் மானியத்தில் அமைக்கப்படும் தனித்த சோலார் பம்ப்செட்டுகள், பகலில் பேனலிலிருந்து நேரடியாக ஓடுபவை. அங்கே தண்ணீர்த் தொட்டிதான் பேட்டரி.

கெட்டுப்போன பேட்டரியை என்ன செய்வது?

உடைத்து அமிலத்தை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. ஈயம் மண்ணில் தங்கும் நஞ்சு. 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்தால், புதியதன் விலையில் ஒரு தொகையும் கழியும்.

மழைக்கு முன்னால்...

அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு நாள் காலை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்வரலாம். லோடுகள் எந்த இணைப்பில் இருக்கின்றன, கன்ட்ரோலரில் துண்டிக்கும் அளவு என்ன, விடியற்காலையில் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டி வைத்தால், வீட்டில் உள்ள எவரும் பார்த்துக்கொள்வார்கள். பெருமழை இரவில் மின்விசிறி தானாக நின்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால், மூன்றாம் நாள் ஊரே இருட்டில் கிடக்கும்போது, அந்தக் கொட்டகையில் ஒரு விளக்கு எரியும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு "நல்லா இருக்கோம்" என்று சொல்ல போனில் சார்ஜ் இருக்கும்.